சக்கையில் ஒளிந்திருக்கும் சர்க்கரை

மாட்டுக்கா? மோட்டாருக்கா?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரைச் சாலையில் வடக்கே போனால் கிருஷ்ணன்கோவில் வரும். அங்கிருந்து வத்திராயிருப்புப் பக்கம் திரும்பினால் சுந்தரபாண்டியம். மேற்கே நீல நிறத்தில் மலை. சுற்றிலும் வயல், தென்னந்தோப்பு. ஊருக்குள்ளே தறிச் சத்தம்.

இந்தப் பக்கத்தில் மாடு வைத்திருக்கும் வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். அரிசி களைந்த தண்ணீரை யாரும் தரையில் கொட்டமாட்டார்கள். அது கழனித் தொட்டிக்குப் போகும். வடித்த கஞ்சியும் அங்கேதான். கத்தரிக்காய்க் காம்பும் வாழைப்பழத் தோலும் அங்கேதான். அதோடு ஒரு கை தவிடும், ஊறவைத்த புண்ணாக்கும் சேர்ந்தால் பசு ஒரே மூச்சில் உறிஞ்சிவிடும். மறுநாள் காலையில் அது பாலாக வரும்.

"கழிவு" என்று ஒரு சொல் இருக்கிறதே, அந்த வீட்டில் அதற்கு அர்த்தமே இல்லை. ஒருவர் கழிப்பது இன்னொருவருக்கு உணவு.

இப்போது உலகத்து விஞ்ஞானிகள் பலர் ஒரு கழிவைப் பிடித்துக்கொண்டு ஆராய்ச்சி செய்கிறார்கள். அது பீர் ஆலையில் மிஞ்சும் பார்லிச் சக்கை. அதிலிருந்து சர்க்கரை எடுக்கலாம், சர்க்கரையிலிருந்து மோட்டார் ஓட்டும் எரிபொருள் எடுக்கலாம் என்கிறார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி உண்டு. அந்தச் சக்கையை இன்றைக்கே ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அவர் வேறு யாருமல்ல, மாடு! சக்கை மோட்டாருக்குப் போய்விட்டால் மாட்டுக்கு என்ன மிஞ்சும்?

இதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சக்கை எப்படி வருகிறது?

பீர் குடிப்பது நல்லதா கெட்டதா என்பது இந்தக் கட்டுரையின் விஷயம் அல்ல. ஆலையில் பீர் இறங்கிய பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதுதான் விஷயம்.

பீருக்கு மூலப்பொருள் பார்லி. பார்லியை முதலில் தண்ணீரில் ஊறவைத்து முளைகட்ட விடுகிறார்கள். பிறகு உலர்த்தி, நொறுக்கி, சுமார் 65 டிகிரி சூடுள்ள தண்ணீரில் போடுகிறார்கள். சிறிது நேரத்தில் அந்தத் தண்ணீர் இனித்துவிடும். இனிப்புத் தண்ணீரை மட்டும் வடித்து எடுத்துக்கொள்வார்கள். அடியில் நிற்பது உமியும் தோலும் சேர்ந்த ஈரச் சக்கை.

சர்க்கரை போடாமல் தண்ணீர் எப்படி இனித்தது?

நம் வீட்டிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. குழந்தைக்குக் கேப்பைக் கஞ்சி காய்ச்சும் தாய்மார்கள் கேப்பையை முளைகட்டி, காயவைத்து, அரைத்துக்கொள்வார்கள். முளைகட்டாத கேப்பைக் கஞ்சி கெட்டியாக இருக்கும். முளைகட்டிய கேப்பைக் கஞ்சி இளகலாக இருக்கும், லேசாக இனிக்கவும் செய்யும். முளை விடும்போது தானியத்துக்குள் ஒரு பொருள் சுரக்கிறது. அது மாவுச்சத்தைத் துண்டு துண்டாக வெட்டிச் சர்க்கரை ஆக்கிவிடுகிறது. இந்த வெட்டும் பொருளுக்கு நொதி என்று பெயர். ஆங்கிலத்தில் என்சைம் என்பார்கள்.

நம் எச்சிலிலும் இந்த நொதி உண்டு. வெறும் சோற்றை நெடுநேரம் மென்று பாருங்கள். மெல்ல மெல்ல இனிக்கும்.

ஆக, பார்லியில் உள்ள மாவுச்சத்து சர்க்கரையாகி பீருக்குப் போய்விடுகிறது. மிச்சம் நிற்கும் சக்கை கொஞ்சநஞ்சமல்ல. 100 லிட்டர் பீர் தயாரித்தால் ஏறக்குறைய 20 கிலோ ஈரச் சக்கை மிஞ்சும். நாள் ஒன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் தயாரிக்கும் ஆலையில் 20 டன்! இரண்டு லாரி பாரம்!

இதைச் சேர்த்து வைக்கவும் முடியாது. ஈரம் அதிகம். நம் ஊர் வெயிலில் இரண்டு மூன்று நாளில் புளித்துப் பூசணம் பிடித்துவிடும். ஆகவே ஆலைக்காரர்கள் அன்றாடம் வெளியேற்றியாக வேண்டும். இந்தியாவிலும் வெளிநாட்டிலும் பெரும்பாலும் இது மாட்டுப் பண்ணைகளுக்குத்தான் போகிறது.

மணிமாலை ஒன்று, கோத்த விதம் இரண்டு

மாவுச்சத்து போய்விட்ட சக்கையில் இன்னும் எங்கே சர்க்கரை இருக்கும்? அங்கேதான் அதிசயம்.

சக்கையில் இருப்பது நார். நாரில் ஒரு முக்கியப் பங்கு செல்லுலோஸ் என்ற பொருள். செல்லுலோஸ் என்றதும் பயப்பட வேண்டாம். சுந்தரபாண்டியத்துத் தறியில் ஓடும் பருத்தி நூல் கிட்டத்தட்ட முழுக்க முழுக்க செல்லுலோஸ்தான். ராஜபாளையத்து நூற்பாலையில் நூற்பதும் அதுதான். சத்திரப்பட்டியில் நெய்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் பேண்டேஜ் துணியும் அதுதான்.

இந்தச் செல்லுலோஸ் எதனால் ஆனது தெரியுமா? குளுக்கோஸால்! காய்ச்சல்காரருக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கிறோமே, அதே குளுக்கோஸ்.

மாவுச்சத்தும் குளுக்கோஸ் மணிகளைக் கோத்த மாலை. செல்லுலோஸும் குளுக்கோஸ் மணிகளைக் கோத்த மாலை. மணி ஒன்றுதான். கோத்த விதம் வேறு. மாவுச்சத்து மாலை தளர்வானது. நம் வயிற்றிலுள்ள நொதி அதை எளிதில் அறுத்துவிடும். செல்லுலோஸ் மாலைகளோ ஒன்றோடொன்று இறுக ஒட்டிக்கொண்டு கயிறாக முறுக்கிக்கொண்டவை. அதை அறுக்கும் நொதி நம் வயிற்றில் கிடையாது. ஆகவே சோறு நமக்கு ஜீரணமாகிறது. வேட்டியைத் தின்றால் ஜீரணமாகாது!

1819ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு விஞ்ஞானி ஹென்றி பிராக்கொன்னோ இதைக் கண்டுபிடித்துவிட்டார். பழந்துணியிலும் மரத்திலும் கந்தக அமிலத்தை ஊற்றி, அவற்றிலிருந்து சர்க்கரை எடுத்துக் காட்டினார். கந்தல் துணியிலிருந்து சர்க்கரை! அக்காலத்து மக்கள் வியந்தார்கள்.

பாவு, ஊடை, கஞ்சி

பருத்தியில் செல்லுலோஸ் தனியாக இருக்கிறது. பார்லிச் சக்கையிலோ அது இரண்டு கூட்டாளிகளோடு இருக்கிறது.

நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது எளிதில் விளங்கும். செல்லுலோஸைப் பாவு நூல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் குறுக்கே பிடித்துக் கட்டும் ஊடையாக ஹெமிசெல்லுலோஸ் என்ற பொருள் இருக்கிறது. இரண்டின் மேலும் கஞ்சி போட்டு விறைப்பாக்கியதுபோல லிக்னின் என்ற பொருள் பூசியிருக்கிறது. மரத்துக்கு உறுதி கொடுப்பது இந்த லிக்னின்தான்.

கஞ்சியை அலசாமல் துணியில் சாயம் ஏறுமா? ஏறாது. அதுபோல லிக்னினைத் தளர்த்தாமல் செல்லுலோஸை அறுக்க முடியாது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஊடையாக இருக்கும் ஹெமிசெல்லுலோஸிலிருந்தும் சர்க்கரை கிடைக்கும். ஆனால் அது வேறு ஜாதிச் சர்க்கரை. அதற்கு சைலோஸ் என்று பெயர். ரொட்டிக்கும் பீருக்கும் பயன்படும் சாதாரண ஈஸ்ட், குளுக்கோஸை ஆவலாகத் தின்னும், சைலோஸைத் தொடாது. பந்தியில் ஒரு பலகாரத்தை மட்டும் ஒதுக்கிவைக்கும் பிள்ளையைப் போல!

கூடாரத்தைத் தின்ற பூஞ்சை

அமிலம் ஊற்றிச் சர்க்கரை எடுப்பதில் செலவும் அபாயமும் அதிகம். வேறு வழி இருக்கிறதா? வழி காட்டியது ஒரு யுத்தம்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைகள் தென் பசிபிக் தீவுகளில் முகாமிட்டிருந்தன. அங்கே ஓயாத மழை, புழுக்கம். படையினரின் பருத்திக் கூடாரங்களும் உடைகளும் பைகளும் விரைவிலேயே இற்றுப்போயின. எதிரி சுட்டுக் கிழிந்தது போக, ஏதோ ஒன்று தின்று கிழித்துக்கொண்டிருந்தது!

ராணுவம் ஆராய்ச்சிக்கூடம் அமைத்துக் குற்றவாளியைத் தேடியது. பூஞ்சைகள் அகப்பட்டன. அவற்றில் ஒன்று பூகன்வில் தீவிலிருந்து வந்த கூடாரத் துணியில் கிடைத்தது. மற்றப் பூஞ்சைகளைவிட அது பருத்தியை வேகமாகத் தின்றது. அந்தப் பூஞ்சை ஒரு நொதியைக் கக்குகிறது, அந்த நொதி செல்லுலோஸ் கயிற்றை அறுத்துக் குளுக்கோஸ் ஆக்குகிறது என்று விஞ்ஞானி எல்வின் ரீஸும் அவருடைய சகாக்களும் கண்டார்கள்.

முதலில் அவர்களுடைய கவலை துணியைக் காப்பாற்றுவது எப்படி என்பதுதான். 1973இல் உலகெங்கும் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தது. கச்சா எண்ணெய் விலை பல மடங்கு ஏறியது. அப்போது எண்ணம் தலைகீழாகத் திரும்பியது. "துணியைச் சர்க்கரையாக்கும் பூஞ்சையை ஏன் விரட்ட வேண்டும்? வேலைக்கு வைத்துக்கொள்வோமே!"

1977இல் அந்தப் பூஞ்சைக்கு ரீஸின் பெயரையே சூட்டினார்கள். டிரைக்கோடெர்மா ரீசி என்பது அதன் பெயர். இன்று உலகில் நாரைச் சர்க்கரையாக்கப் பயன்படும் நொதிகளில் பெரும்பகுதி அந்தக் கூடாரப் பூஞ்சையின் வம்சத்திலிருந்து வருவதுதான். பகையாளி வேலையாளாகிவிட்டான்!

நான்கு படிகள்

இனி, சக்கை எரிபொருளாகும் கதையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி, தளர்த்துவது. சக்கையை லேசான அமிலத்திலோ காரத்திலோ சூடாக்குவார்கள். அல்லது மூடிய பாத்திரத்தில் கடும் நீராவியில் வைத்து, திடீரென்று திறந்துவிடுவார்கள். உள்ளே இருந்த ஈரம் ஒரே நொடியில் ஆவியாகி நாரைப் பிளந்துவிடும். சோளம் பொரியாக வெடிப்பது போலத்தான்.

இங்கே பக்குவம் முக்கியம். சூடு குறைந்தால் நார் தளராது. சூடு மிஞ்சினால் சர்க்கரையே கருகி, ஈஸ்டுக்கு விஷமான பொருள்கள் உண்டாகிவிடும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவர்களுக்கு இந்தப் பக்குவம் தெரியும். அடுப்பு தணிந்தால் பால் சுண்டாது, எரிந்தால் அடிப்பிடித்துவிடும்.

இரண்டாம் படி, அறுப்பது. தளர்ந்த சக்கையில் பூஞ்சை நொதியைக் கலந்து, சுமார் 50 டிகிரிச் சூட்டில் இரண்டு மூன்று நாள் வைப்பார்கள். நார் கரைந்து தண்ணீர் இனிக்கும்.

மூன்றாம் படி, புளிக்க வைப்பது. பனையிலிருந்து இறக்கும் பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் என்ன ஆகும்? சில மணி நேரத்தில் நுரைத்துக் கள்ளாகிவிடும். காற்றிலும் பாளையிலும் இருக்கும் ஈஸ்ட், சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்கிவிடுகிறது. ஆலையிலும் அதே கதைதான். ஈஸ்ட் ஒதுக்கிவைக்கும் சைலோஸைத் தின்பதற்கு வேறு ஜாதி ஈஸ்டுகளைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். மரத்தைத் துளைக்கும் வண்டின் வயிற்றில் அப்படிப்பட்ட ஈஸ்டுகள் வாழ்கின்றன!

நான்காம் படி, வடிப்பது. புளித்த நீரைக் காய்ச்சி ஆல்கஹாலைத் தனியே பிரித்து, மிச்சமுள்ள ஈரத்தையும் நீக்குவார்கள். எரிபொருளுக்கான ஆல்கஹாலில், யாரும் எடுத்துக் குடித்துவிடாதபடி வேறு பொருள் கலக்கப்படும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கதை இனிக்கிறது. கணக்கும் இனிக்குமா?

ஒரு டன் ஈரச் சக்கையை எடுத்துக்கொள்வோம். அதாவது 1000 கிலோ. அதில் 800 கிலோ தண்ணீர்! உலர்ந்த பொருள் 200 கிலோதான். அந்த 200 கிலோவில் ஏறக்குறைய பாதி, அதாவது 100 கிலோ, சர்க்கரை ஆகக்கூடிய நார். நாரை அறுக்கும்போது தண்ணீரும் சேர்வதால் 110 கிலோ சர்க்கரை கிடைக்க வேண்டும்.

100 கிலோ சர்க்கரை புளித்தால் அதிகபட்சம் 51 கிலோ ஆல்கஹால் வரும். மீதி 49 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். இது இயற்கையின் கணக்கு. யாராலும் மாற்ற முடியாது. அப்படிப் பார்த்தால் நம் ஒரு டன் சக்கைக்கு 70 லிட்டர் ஆல்கஹால்.

ஆனால் காகிதத்துக் கணக்கு வேறு, களத்து மேட்டுக் கணக்கு வேறு. நார் முழுவதும் அறுபடாது. சைலோஸ் முழுவதும் புளிக்காது. பாதி கைக்கு வந்தால் 35 லிட்டர். நாளைக்கு 20 டன் சக்கை மிஞ்சும் பெரிய ஆலையில் 700 லிட்டர் கிடைக்கும். 12 ஆயிரம் லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரி ஒன்று நிரம்ப 17 நாள் ஆகும்.

அந்த ஆல்கஹாலிலும் ஒரு லிட்டரில் இருக்கும் வெப்பம், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான்.

இதற்கு நொதி வாங்க வேண்டும். நீராவிக்கு அடுப்பு எரிக்க வேண்டும். சக்கையை வேறு ஊருக்கு லாரியில் ஏற்றினால் பாரத்தில் ஐந்தில் நான்கு பங்கு வெறும் தண்ணீருக்கு வாடகை கொடுக்க வேண்டும். ஆகவே பீர் ஆலைக்குப் பக்கத்திலேயே இந்த ஆலையும் இருந்தால்தான் கட்டுப்படியாகும்.

சக்கையில் ஓடிய கார்

அப்படியானால் இது நடக்காத காரியமா? இல்லை. நடத்திக் காட்டியவர்களும் இருக்கிறார்கள்.

ஸ்காட்லாந்து நாட்டில் விஸ்கி ஆலைகள் ஏராளம். விஸ்கிக்கும் மூலப்பொருள் முளைகட்டிய பார்லிதான். அங்கும் பல லட்சம் டன் சக்கை மிஞ்சுகிறது. எடின்பரோ நகரில் உள்ள நேப்பியர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் மார்ட்டின் டாங்னி, அந்தச் சக்கையிலிருந்து பியூட்டனால் என்ற எரிபொருளை எடுத்தார். இது ஆல்கஹாலுக்கு உறவுக்காரப் பொருள். ஆனால் வெப்பம் அதிகம். ஏறக்குறைய பெட்ரோலைப் போலவே எரியும். 2017ஆம் ஆண்டில் அந்த எரிபொருளை ஊற்றி ஒரு காரை ஓட்டிக் காட்டினார்கள். பிறகு கிரேஞ்ச்மவுத் என்ற ஊரில் ஆலையும் கட்டினார்கள்.

டாங்னி பயன்படுத்தியது ஈஸ்ட் அல்ல, ஒரு பாக்டீரியா. அதன் கதையும் சுவையானது. முதல் உலகப் போரில் பிரிட்டனுக்கு வெடிமருந்து செய்ய அசிட்டோன் என்ற திரவம் தேவைப்பட்டது. மான்செஸ்டரில் இருந்த கைம் வைஸ்மன் என்ற ரசாயன விஞ்ஞானி, தானியத்தைப் புளிக்க வைத்து அசிட்டோனும் பியூட்டனாலும் தரும் பாக்டீரியாவைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். தானியம் பற்றாக்குறை ஆனபோது, 1917இல் பள்ளிப் பிள்ளைகளைக்கொண்டு மரத்தடியில் உதிர்ந்த காட்டுக் கொட்டைகளைப் பொறுக்கச் சொன்னார்கள்! அந்த வைஸ்மன்தான் பின்னாளில் இஸ்ரேல் நாட்டின் முதல் ஜனாதிபதி ஆனார்.

மனிதன் உண்ணும் தானியத்தை எடுத்தால் பஞ்சம் வரும், உண்ணாததைத் தேடு என்ற பாடம் அன்றே படிக்கப்பட்டுவிட்டது.

நம் நாட்டில் நடப்பது என்ன?

இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 100க்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. அதைக் குறைப்பதற்காகவே பெட்ரோலில் எத்தனால் என்ற ஆல்கஹாலைக் கலக்கிறார்கள். 2003இல் சில மாநிலங்களில் 100க்கு 5 பங்கு கலக்கத் தொடங்கினார்கள். 2022இல் அது 10 பங்கு ஆனது. 2025இல் 20 பங்கை எட்டியது.

இந்த எத்தனால் பெரும்பாலும் கரும்பிலிருந்தும், சர்க்கரை ஆலையின் கழிவுப் பாகிலிருந்தும், அரிசியிலிருந்தும், மக்காச்சோளத்திலிருந்தும் வருகிறது. இங்கேதான் வீட்டுக்கும் வண்டிக்கும் போட்டி தொடங்குகிறது.

மக்காச்சோளத்தைப் பாருங்கள். விருதுநகர் மாவட்டத்து மானாவாரி நிலங்களிலும் அது விளைகிறது. கோழித் தீவனத்துக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் அதுதான் முதுகெலும்பு. எத்தனால் ஆலைகளும் அதை வாங்கத் தொடங்கியதும் விலை ஏறியது. விளைவித்தவருக்கு மகிழ்ச்சி. கோழி வளர்ப்பவருக்குத் திண்டாட்டம். மக்காச்சோளத்தை வெளிநாட்டுக்கு விற்றுக்கொண்டிருந்த இந்தியா, 2024இல் வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டி வந்தது.

அதனால்தான் தானியத்தை விட்டுவிட்டு நாரிலிருந்து எத்தனால் எடுக்கும் முயற்சி நடக்கிறது. உத்தரகாண்ட் மாநிலம் காசிப்பூரில் 2016இல் ஒரு மாதிரி ஆலை திறக்கப்பட்டது. ஹரியானா மாநிலம் பானிபட்டில் இந்தியன் ஆயில் கார்ப்பரேஷன் 900 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து ஒரு பெரிய ஆலை கட்டியது. 2022 ஆகஸ்ட் 10ஆம் தேதி அது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பது அதன் திட்டம்.

பானிபட்டில் வைக்கோல் ஏன்? பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல் அறுத்த பிறகு தாளை வயலிலேயே கொளுத்துகிறார்கள். அந்தப் புகை டில்லி வரைக்கும் போய் மூச்சை முட்டுகிறது. அதை ஆலைக்குக் கொடுத்தால் புகையும் இல்லை, எரிபொருளும் உண்டு.

வத்திராயிருப்புப் பக்கத்து வயலில் யாராவது வைக்கோலைக் கொளுத்துவார்களா? இங்கே அது படப்பாக ஏறி வீட்டுக்குப் பின்னால் நிற்கிறது. தமிழ்நாட்டு வைக்கோல் லாரி லாரியாகக் கேரளத்து மாடுகளுக்கும் போகிறது. அங்கே கழிவு, இங்கே காசு. ஒரே பொருள்தான்!

பசுவின் வயிற்றில் ஓர் ஆலை

இனி மாட்டின் பக்க நியாயத்தையும் கேட்போம்.

பூஞ்சை நொதி, நீராவி, இரண்டு மூன்று நாள் ஊறல் என்று மனிதன் பல கோடி ரூபாய் கொட்டிச் செய்வதைப் பசு தன் வயிற்றுக்குள்ளேயே செய்கிறது. பசுவின் முதல் இரைப்பை நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் ஒரு தொட்டி. அதற்குள் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவை செல்லுலோஸைச் சிதைத்துப் பசுவுக்கு உணவாக்கித் தருகின்றன. அசைபோடுவதுதான் அதன் முதல் படி. நாரை மீண்டும் வாய்க்குக் கொண்டுவந்து அரைத்துத் தளர்த்துகிறது.

இந்த ஆலைக்கு மின்சாரம் வேண்டாம். நொதி வாங்க வேண்டாம். அது தரும் சரக்கோ பால்!

பார்லிச் சக்கையில் நார் மட்டும் இல்லை. உலர்ந்த எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம் இருக்கிறது. பால் மாட்டுக்குப் புண்ணாக்கு வைப்பதும் புரதத்துக்காகத்தான். ஆகவே சக்கை கிடைக்கும் ஊர்களில் பண்ணைக்காரர்கள் அதை விரும்பி வாங்குகிறார்கள்.

சுந்தரபாண்டியத்தில் பீர் ஆலை கிடையாது. அப்படியிருக்க, எங்கேயோ உள்ள சக்கை எங்கே போனால் இந்த ஊருக்கு என்ன?

உண்டு. தீவனங்கள் எல்லாம் ஒரு குடும்பம் மாதிரி. சக்கை கிடைக்காவிட்டால் பண்ணைக்காரர் புண்ணாக்குக் கடைக்கும் மக்காச்சோள மண்டிக்கும் போவார். அங்கே விலை ஏறும். அந்த ஏற்றம் சுந்தரபாண்டியத்தில் ஒற்றைப் பசு வைத்திருக்கும் வீட்டுக்கும் வந்து சேரும். தவிடு, புண்ணாக்குச் செலவுக்கும் பால் காசுக்கும் இடையில் மிஞ்சும் சில ரூபாய்தான் அந்த வீட்டின் மளிகைக் கணக்கு, பிள்ளையின் நோட்டுப் புத்தகம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரே பெருமைப்பட்டது. அந்தப் பெருமையும் சுற்றுவட்டாரத்துப் பசுக்களின் மடியில்தான் இருக்கிறது.

மாட்டுக்குக் கொடுப்பதிலும் ஒரு எச்சரிக்கை வேண்டும். சக்கை புதிதாக இருக்க வேண்டும். பூசணம் பிடித்த தீவனத்தில் அப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகலாம். அது பசுவின் பாலிலும் இறங்கும். அந்தப் பாலைக் குடிப்பது குழந்தை. பூசணம் பிடித்த சக்கையானாலும் சரி, கடலைப் புண்ணாக்கானாலும் சரி, "மாடுதானே தின்கிறது" என்று போடக் கூடாது.

இருவருக்கும் பங்கு உண்டா?

மாட்டுக்கா, மோட்டாருக்கா என்ற வழக்கில் ஒரு சமரசமும் இருக்கிறது.

மோட்டாருக்கு வேண்டியது சர்க்கரை. மாட்டுக்கு முக்கியமாக வேண்டியது புரதம். நாரிலிருந்து சர்க்கரையை எடுத்த பிறகும் புரதத்தைப் பாழாக்காமல் காப்பாற்றினால், சர்க்கரை ஒரு பக்கம், புரதம் மறு பக்கம் என்று பிரித்துக்கொள்ளலாம். மக்காச்சோள எத்தனால் ஆலைகளில் இன்றைக்கே இது நடக்கிறது. மாவுச்சத்து எத்தனாலாகப் போக, புரதம் மிகுந்த மிச்சத்தை உலர்த்தித் தீவனமாக விற்கிறார்கள். கடும் சூட்டிலும் அமிலத்திலும் புரதம் கெடாமல், செலவும் ஏறாமல் பார்லிச் சக்கையில் இதைச் செய்வது எப்படி என்பதில்தான் விஞ்ஞானிகளின் கவனம் இருக்கிறது.

பூசணம் தட்டி மாட்டுக்கு ஆகாது என்று கழிக்கும் சக்கையும் உண்டு. அதை எரிவாயுவாக மாற்றலாம். சாண எரிவாயுக் கலம் வேலை செய்வது போலத்தான் அதுவும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. மனிதனும் தின்னாத, மாடும் தின்னாத நாரைத் தேடுவது. இந்த வட்டாரத்திலேயே அது கிடக்கிறது. கரும்பு வெட்டிய வயலில் சோகையைக் கொளுத்துகிறார்கள். பருத்தி எடுத்த பிறகு நிற்கும் பருத்திமாரில் அடுப்புக்குப் போனது போக மிச்சம் வீணாகிறது. தேங்காய் மட்டையும் நார்த்தூளும் தோப்போரம் குவிகின்றன. இவற்றில் லிக்னின் அதிகம். பார்லிச் சக்கையைவிடப் பிடிவாதக்காரப் பொருள்கள். ஆனால் இவற்றைக் கேட்டு எந்தப் பசுவும் வழக்குக்கு வராது!

சுந்தரபாண்டியத்திலிருந்து சிறிது தூரத்தில், கிருஷ்ணன்கோவிலில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே உயிர்த் தொழில்நுட்பம் கற்பிக்கிறார்கள். இந்த ஊர்ப் பிள்ளைகளும் அங்கே படிக்கப் போகிறார்கள். பூஞ்சையும் நொதியும் ஈஸ்டும் அவர்களுக்குப் பாடம். தறிக் கஞ்சியும் பதநீர்க் கலயமும் கழனித் தொட்டியும் அவர்கள் பிறந்து வளர்ந்த வீடு. பாடத்தையும் வீட்டையும் சேர்த்துப் பார்க்கிறவருக்கு, எந்த நாரை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எந்தப் பொருளையாவது காட்டி, "இது வெறும் கழிவு, இதிலிருந்து எரிபொருள் எடுக்கலாம்" என்று யாராவது சொன்னால் மகிழ்ச்சியோடு கேட்டுக்கொள்ளலாம். கூடவே ஒரு கேள்வியும் கேட்க வேண்டும்:

"ஐயா, இதை இதுவரை தின்றுகொண்டிருந்தது யார்?"

பதில் "யாருமில்லை" என்று வந்தால் ஆலை தாராளமாக ஓடட்டும். பதில் "மாடு" என்று வந்தால், அதன் பங்கை முதலில் எடுத்துவைத்துவிட்டு மிச்சத்தைப் பேசலாம்.